சில்லும் ரயரும்

மோட்டார் வண்டி நிலத்தைத் தொடுவது உள்ளங்கையளவான நான்கு இடங்களில் மாத்திரமே. ஓட்டம், திருப்பம், தடுப்பு ஆகிய மூன்றும் அவற்றையே நம்பியுள்ளன. ஆதலின் சில்லை மாற்றுமிடத்து அழகை மாத்திரம் நாம் கருதலாகாது.

195/65 ஆர் 15 என்னும் ரயரை எடுத்துக்கொள்வோம். 195 என்பது மில்லிமீற்றரில் அகலம். 65 என்பது அவ்வகலத்தின் நூற்றுவீதமாகப் பக்கச்சுவரின் உயரம். 15 என்பது அங்குலத்தில் றிம்மின் விட்டம். இதற்குப் பதிலாக 225/45 ஆர் 17 பூட்டின், முழு விட்டம் முன்போலவே ஏறக்குறைய 634 மில்லிமீற்றராகும். வேகமானியின் கணக்கு மாறாது. பக்கச்சுவரோ 127 மில்லிமீற்றரிலிருந்து 101 ஆகக் குறைகின்றது.

ரயரினுள் அடைபட்ட காற்றும் ஒரு வில்லே. தாழ்ந்த பக்கச்சுவர் குறைவாக வளைவதால், சுக்கானைத் திருப்பியதும் வண்டி தாமதமின்றித் திரும்பும். அதே காரணத்தால் குழியின் அதிர்ச்சி இருக்கைவரை ஏறும். றிம்மும் எளிதிற் சேதமுறும். சில்லின் பாரமுங் கூடின், கரடான வீதியில் ரயர் நிலத்தைவிட்டுத் துள்ளும். அகன்ற ரயர் உலர்ந்த வீதியை நன்கு பற்றுமாயினும், தேங்கிய மழைநீரில் மிதக்கும் இயல்பும் அதற்கு அதிகம்.

இரண்டு ரயர்களை மாத்திரம் புதுப்பிப்போர் புதியவற்றைப் பின்னச்சிற் பூட்டுதல் வேண்டும். ஈரவீதியில் முன்சில்லு வழுக்கின், வேகத்தைத் தணித்து வண்டியை மீட்டல் கூடும். பின்சில்லு வழுக்கின் வண்டி சுழலும். அதனை மீட்டல் அரிது.

எனவே நாம் ஓடும் வீதியையும் மழையையும் முதலில் எண்ணுவோம். வண்டியைச் செய்தோர் விதித்த பாரவளவையும் காற்றழுத்தத்தையும் மீறாதிருப்போம்.