கடுகண்ணாவ ஏற்றத்தில் நின்றுபோகும் வான்

கேள்வி: என் பழைய டர்போ டீசல் வான் கடுகண்ணாவ ஏற்றத்தில் இழுக்கத் திணறுகிறது; சில நாட்களில் நின்றும்விடுகிறது. சற்றுப் பொறுத்தால் ஸ்டார்ட் ஆகிறது. டர்போவை மாற்றட்டுமா?
– வாசகர், கட்டுகஸ்தோட்டை

பதில்: அவசரப்படாதீர்கள். டர்போ பழுதானால் இழுவை குறையும், புகை கூடும். வண்டி நின்றுபோவதற்கு பெரும்பாலும் டீசல் வரத்துக் குறைவே காரணம். ஏற்றத்தில் எஞ்சின் கேட்கும் டீசலை அடைபட்ட பில்டர் விடாது. பில்டரில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டுப் புதியது போடுங்கள். அடுத்து, பம்புக்குப் போகும் லைனில் உள்ளே தெரியும் ஹோஸ் துண்டொன்றைப் பொருத்தி எஞ்சினை ஓடவிடுங்கள். குமிழி ஓடினால் லைன் காற்றை இழுக்கிறது. வெடித்த ஹோஸையும் தளர்ந்த கிளிப்பையும் மாற்றுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் டர்போவைப் பாருங்கள். எஞ்சின் நின்றால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கடினமாகிவிடும். ஆகவே, திருத்தும்வரை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைப்பாதைக்குப் போகாதீர்கள்.