இரண்டு பி.என்.ஆர்., ஒரு பயணம்: நஷ்டம் யார் தலையில்?

கேள்வி: ஐயா, புதுக்கோட்டை மாவட்டத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். மகள் குடும்பம் சிங்கப்பூரில் இருக்கிறது. 2025 பொங்கலுக்கு நானும் மனைவியும் அங்கே போக நினைத்தோம். திருச்சியிலிருந்து நேரடி விமானத்துக்குப் பண்டிகை நேரத்து விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. தெரிந்த பிரவுசிங் சென்டர்காரர் 2024 நவம்பரில் ஒரு டிக்கெட் இணையதளத்தில் தேடி, "சென்னை வழியா போனா நல்லா குறையுது சார்" என்று போட்டுக் கொடுத்தார். திருச்சி–சென்னை ரூ.6,200, சென்னை–சிங்கப்பூர் ரூ.24,000, இணையதளத்தின் கன்வீனியன்ஸ் கட்டணம் ரூ.700, நாங்கள் கேட்காமலே சேர்ந்திருந்த இன்சூரன்ஸ் ரூ.498. இரண்டு பேருக்கும் சேர்த்து மொத்தம் ரூ.31,398.

போகியன்று அதிகாலை திருச்சி விமான நிலையம் போனால், சென்னை விமானம் ரத்து என்றார்கள். "ஆப்பரேஷனல் ரீசன்" என்பதற்கு மேல் பதில் இல்லை. அடுத்த விமானம் மாலையில். ரூ.7,800-க்கு டாக்சி பிடித்துச் சென்னைக்கு ஓடினோம். சிங்கப்பூர் விமானத்தின் கவுண்டரை மூடிவிட்டார்கள். நீங்கள் "நோ ஷோ", பணம் வராது என்றது அந்த வெளிநாட்டு நிறுவனம். மறுநாள் ரூ.46,000 கொடுத்துப் புது டிக்கெட் எடுத்துப் போனோம். முதல் விமானத்துக்கான பணத்தில் ரூ.600 பிடித்துக்கொண்டு, மீதியை இணையதளம் தன் "வாலட்"டில் போட்டிருக்கிறது. நஷ்டத்தை யாரிடம் கேட்பது? தேடத் தேட விலை ஏறுகிறதே, அதைக் கேட்பாரில்லையா? அடுத்த முறை ஒரே டிக்கெட்டாக எடுத்துக்கொண்டு, ரயிலில் சென்னைக்குப் போய் அங்கே விமானம் ஏறிக்கொள்ளலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் டிக்கெட் பிரதியைப் பார்த்தேன். இரண்டு விமானங்களுக்கும் தனித்தனி பி.என்.ஆர். எண்கள். உங்களைப் பொறுத்தவரை அது திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரே பயணம். சட்டம் அதை இரண்டு ஒப்பந்தங்களாகத்தான் பார்க்கும். உள்நாட்டு நிறுவனம் உங்களைச் சென்னையில் இறக்கிவிட ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. சென்னையிலிருந்து ஏற்றிப் போக ஒப்புக்கொண்ட வெளிநாட்டு நிறுவனத்துக்கு, நீங்கள் எப்படிச் சென்னை வந்தால் என்ன? ஒரே டிக்கெட் எண்ணாக இருந்திருந்தால், அந்த டிக்கெட்டை விற்ற நிறுவனமே உங்களைச் சிங்கப்பூரில் கொண்டுசேர்க்கும் பொறுப்பில் இருந்திருக்கும். உங்களுக்குக் குறைந்த விலை எங்கிருந்து வந்தது என்றால், பெரும்பாலும் இந்தப் பொறுப்பு கழன்றுபோனதிலிருந்துதான்.

எளிதானதை முதலில் முடிப்போம். டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிப்படி, விமானத்தை நிறுவனம் ரத்து செய்தால் இரண்டு வாரங்களுக்கு முன்பே சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கும் 24 மணி நேரத்துக்கும் இடையில் சொன்னால், முதலில் குறித்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் புறப்படும் மாற்று விமானமோ முழுப் பணமோ தர வேண்டும். இரண்டும் இல்லாமல் விமான நிலையத்தில் வைத்துச் சொன்னால், பயணி ஏற்கும்படியான மாற்று விமானம் தர வேண்டும். இல்லையென்றால் முழுப் பணத்துடன் இழப்பீடும் சேர்த்துத் தர வேண்டும். மாலை விமானம் உங்களுக்கு எந்த வகையிலும் ஏற்கத்தக்கதல்ல.

இழப்பீட்டுக்கு அட்டவணை உண்டு. பறக்கும் நேரம் ஒரு மணி வரை என்றால் ரூ.5,000, இரண்டு மணி வரை ரூ.7,500, அதற்கு மேல் ரூ.10,000. ஆனால் கூடவே ஒரு வாசகம் இருக்கிறது: இந்தத் தொகை, அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது. உங்கள் டிக்கெட்டில் அது தலைக்கு ரூ.2,300. ஆக இருவருக்கும் ரூ.4,600. மலிவான டிக்கெட்டுக்கு இழப்பீடும் மலிவுதான். இதை எழுதிய அதிகாரிகள் விமான நிறுவனங்கள் மேல் கொஞ்சம் கூடுதல் பரிவு காட்டிவிட்டார்கள் என்பது என் கருத்து.

இந்த ரூ.4,600-க்கும் இரண்டு தடைகள் வரலாம். ஒன்று, வானிலை. விமான நிறுவனத்தின் கைமீறிய காரணம் என்றால் பணம் திரும்பக் கிடைக்கும், இழப்பீடு கிடைக்காது. போகியன்று சென்னையில் புகையும் பனியும் கலந்து ஓடுபாதை தெரியாமல் போவது உண்டு. 2018 போகியன்று ஏராளமான விமானங்கள் அதனால் திருப்பிவிடப்பட்டன. வழக்கு என்று வந்ததும் "ஆப்பரேஷனல் ரீசன்" என்பது "போகிப் புகை" என்று மாறிவிடலாம். அதனால் ரத்துக்கான காரணத்தை எழுத்தில் தரும்படி இப்போதே மின்னஞ்சல் அனுப்புங்கள். அன்று காலை சென்னையில் வேறு விமானங்கள் இறங்கினவா என்ற விவரத்தையும் எடுத்துவையுங்கள். அரை மணி முன்னும் பின்னும் மற்றவை இறங்கியிருந்தால் வானிலைக் கதை நிற்காது.

இரண்டாவது தடைதான் உங்கள் வழக்கின் மெலிந்த இடம். தன்னைத் தொடர்புகொள்ளப் போதுமான விவரம் தராத பயணிக்கு இழப்பீடு இல்லை என்கிறது அதே விதி. டிக்கெட்டில் இருப்பது உங்கள் எண் அல்ல, பிரவுசிங் சென்டர்காரரின் எண். அவரிடம் போய், ரத்துச் செய்தி வந்ததா, எப்போது வந்தது என்று கேளுங்கள். வரவில்லை என்றால் அவருடைய கைபேசிப் பதிவே உங்களுக்குச் சாட்சி. வந்தும் சொல்லாமல் விட்டிருந்தால், சட்டப்படி அவரையும் எதிர்த்தரப்பில் சேர்க்க முடியும். நான் சேர்க்க மாட்டேன். நாற்பதோ ஐம்பதோ வாங்கிக்கொண்டு டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் எதிரியாவதைவிடச் சாட்சியாவதில் உங்களுக்கு லாபம் அதிகம்.

வாலட் விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. பணத்தை வரவாக வைத்துக்கொள்வதா, கையில் வாங்குவதா என்பது பயணியின் விருப்பம்; நிறுவனம் தானாக முடிவு செய்யக் கூடாது. முகவர் மூலம் எடுத்த டிக்கெட்டாக இருந்தாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்தினுடையதே. நீங்கள் டிக்கெட் எடுத்தபோது நடப்பில் இருந்த விதிப்படி அதற்கு 30 வேலை நாட்கள் கெடு. திருப்பித் தருவதற்கென்று தனிக் கட்டணமும் கூடாது, ஆகவே அந்த ரூ.600 பிடித்தம் தவறு. (இந்த விதிகளை அவ்வப்போது திருத்துகிறார்கள். உங்கள் டிக்கெட் தேதியில் இருந்த விதியையே மேற்கோள் காட்டுங்கள்.)

வெளிநாட்டு நிறுவனத்திடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பியது, நீங்கள் வரவில்லை. அதன் மேல் குற்றமில்லை. ஏறாத பயணிக்கு விமான நிலையக் கட்டணங்களையும் வரிகளையும் திருப்பித் தர வேண்டும் என்ற விதி, சலுகை விலை டிக்கெட்டுக்கும் பொருந்தும். ஆனால் வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் நாட்டு விதிப்படி பணம் திருப்பலாம் என்று விலக்கு இருக்கிறது. ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். வந்தவரை லாபம்.

இனி பெரிய தொகை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவுதான் இங்கே திறவுகோல். ஒப்பந்தம் மீறப்பட்டால், அதிலிருந்து இயல்பாக விளையும் நஷ்டத்தையும், இன்ன நஷ்டம் வரும் என்று இரு தரப்பும் ஒப்பந்தம் செய்தபோதே அறிந்திருந்த நஷ்டத்தையும் கேட்கலாம். திருச்சி–சென்னை விமான நிறுவனத்துக்கு உங்கள் சிங்கப்பூர் டிக்கெட் பற்றித் தெரியாது. ஆகவே புது டிக்கெட் செலவை அதன் தலையில் கட்டுவது கடினம். ஆனால் இரண்டையும் அறிந்த ஒருவர் இருக்கிறார். இரண்டு டிக்கெட்டுகளையும் தேடி எடுத்து, ஒட்டி, ஒரே பயணம்போல ஒரே விலையில் காட்டி விற்ற இணையதளம். முதல் விமானம் தவறினால் இரண்டாவதும் போகும் என்பது அதற்குத்தான் முன்பே தெரியும்.

"நாங்கள் வெறும் இடைத்தரகர், விமான ரத்துக்குப் பொறுப்பல்ல" என்று பதில் வரும். விமான ரத்தைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் நீங்கள் கேட்க வேண்டியது ரத்துக்காக அல்ல; இவை தனித்தனி டிக்கெட்டுகள், இணைப்பு தவறினால் யாரும் பொறுப்பில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் விற்றதற்காக. அது விமான நிறுவனத்தின் செயல் அல்ல, இணையதளத்தின் சொந்தச் செயல். கன்வீனியன்ஸ் கட்டணம் என்று ரூ.700 வாங்கியிருக்கிறார்களே, அதுவே நீங்கள் அந்த இணையதளத்தின் நுகர்வோர் என்பதற்கு ரசீது.

எல்லாம் அந்தப் பக்கத்தில் என்ன காட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. பணம் கட்டும் முன் "இணைப்பு உங்கள் பொறுப்பு" என்று கண்ணில் படும்படி போட்டிருந்தால் வழக்கு பலவீனம். நிபந்தனைகளின் அடியில் எங்கோ புதைத்திருந்தால் பலம். சென்டர்காரரின் கணினியில் அந்த இணையதளத்தின் மின்னஞ்சல், டிக்கெட் பிரதி, இப்போதும் அதே மாதிரி டிக்கெட்டைத் தேடினால் வரும் திரையின் படம் எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். மின்னணு ஆவணங்களுக்கு 2023-ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் இணைப்பது நல்லது.

இன்சூரன்ஸை முன்கூட்டியே டிக் போட்டு விற்றதை 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் தடுக்கின்றன. 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிமுறைகள், கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பதையும், விலையைக் கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதையும் ஏமாற்று உத்திகள் என்றே பட்டியலிட்டிருக்கின்றன. ஆனால் அந்த ரூ.498-ஐத் திருப்பிக் கேட்கும் முன் பாலிசியைப் படித்துப் பாருங்கள். இணைப்பு விமானம் தவறுவதற்கு அதில் காப்பீடு இருந்தால், கேட்காமல் வந்ததே கைகொடுக்கும். காப்பீட்டுத் தொகையையும் கேட்டுக்கொண்டு, நான் இதை வாங்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது.

எவ்வளவு கேட்பது? உங்கள் கடிதத்தோடு நீங்கள் போட்டு அனுப்பிய கணக்கில் பழைய ரூ.24,000, புது ரூ.46,000, டாக்சி, முதல் டிக்கெட் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. அப்படிக் கேட்டால் சிங்கப்பூருக்கு ஓசியில் போனதாகிவிடும். எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியிலேயே அதைப் பிடிப்பார். எதுவும் தவறாமல் இருந்திருந்தால் விமானங்களுக்கு ரூ.30,200 செலவாகியிருக்கும். உண்மையில் டாக்சியும் சேர்த்து ரூ.84,000 ஆனது. முதல் டிக்கெட்டின் ரூ.6,200 முழுதாகத் திரும்பி வந்துவிட்டால் உங்கள் நிகர நஷ்டம் ரூ.47,600. அதை இணையதளத்திடமும், ரூ.6,200-ஐயும் இழப்பீடு ரூ.4,600-ஐயும் விமான நிறுவனத்திடமும் கேளுங்கள். மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகையும் வழக்குச் செலவும் தனி. பத்து லட்சம் என்று எழுதினால் உங்கள் நல்ல கணக்கும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும்.

முதலில் இணையதளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டியது அவர் கடமை. விமான நிறுவனத்தின் மேல் ஏர்சேவா தளத்தில் புகார் போடலாம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் அழைக்கலாம். அசையவில்லை என்றால் புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் ஆணையம். எங்களிடம் வழக்கு என்றால் எங்கள் ஊர் நீதிமன்றத்தில்தான் என்று நிபந்தனையில் எழுதியிருப்பார்கள், பயப்பட வேண்டாம். நுகர்வோர் வசிக்கும் ஊரிலேயே புகார் தரலாம் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு சொல்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். காலவரம்பு இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி 12-க்குள் தாக்கல் ஆகிவிட வேண்டும்.

மலிவு விமானத்தில் போனவருக்கு என்ன உரிமை என்று யாராவது கேட்டால், டெல்லி–ஐதராபாத் விமானத் தாமதம் பற்றி இன்டர்குளோப் ஏவியேஷன் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டுங்கள். குறைந்த கட்டண நிறுவனம் என்பதால் பயணிகளுக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்ச வசதியிலிருந்து தப்ப முடியாது என்றது நீதிமன்றம். மூடுபனியால் வந்த தாமதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. எதிர்த்தரப்பு அந்தப் பக்கத்தைத்தான் புரட்டும்.

விலை ஏறுவதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. 1994-இல் விமானத் துறை திறந்துவிடப்பட்டதிலிருந்து கட்டணத்தை நிறுவனங்களே வைக்கின்றன. ஒரே விமானத்தில் இருக்கைகளைப் பல விலைக் கட்டுகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கீழ்க்கட்டு விற்றுத் தீர்ந்தால் மேல்கட்டு. இருவருக்குச் சேர்த்துத் தேடும்போது கீழ்க்கட்டில் ஒரே இருக்கை மிச்சமிருந்தால், பெரும்பாலும் இருவருக்குமே மேல்கட்டு விலையைக் காட்டும். ஒருவருக்குத் தனியாகவும் ஒரு முறை தேடிப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் தனித்தனியே எடுக்கலாம். ஆனால் அப்போதும் இரண்டு பி.என்.ஆர். என்பதை மறக்க வேண்டாம்.

கடைசிக் கேள்விக்குப் பதில், கூடாது. திருச்சி–சென்னை–சிங்கப்பூர் என்று ஒரே டிக்கெட் எடுத்துவிட்டு முதல் விமானத்தில் ஏறாவிட்டால், அதிலுள்ள மீதிப் பயணத்தையும் நிறுவனம் ரத்து செய்துவிடும். திரும்பி வரும் டிக்கெட்டும் அதில் இருந்தால் அதுவும் போகும். பெரும்பாலான நிறுவனங்களின் நிபந்தனையில் இது இருக்கிறது. ரயிலில்தான் போவது என்று முடிவு செய்துவிட்டால் சென்னை–சிங்கப்பூர் மட்டும் எடுங்கள், முந்தைய நாளே கிளம்பி எழும்பூர் போய்ச் சேருங்கள். திருச்சியிலிருந்தே பறப்பது என்றால் ஒரே பி.என்.ஆர்., அதுவும் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில், உங்கள் கைபேசி எண்ணோடு.