மருத்துவமா, சட்டமா? – உயர்கல்வி வழிகாட்டலுக்கு ஒரு வகுப்பறைச் செயல்பாடு

"டீச்சர், நீட் கிடைக்கலன்னா சட்டம் படிக்கலாமா?" மேல்நிலை வகுப்புகளில் உயர்கல்வி பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. மருத்துவம் கிடைக்காதவர்களுக்கு ஆறுதல் பரிசு சட்டம் என்ற எண்ணம் இதில் ஒளிந்திருக்கிறது. இரண்டையும் சமமாக எடைபோட மாணவர்களைப் பழக்க, ஒரே பாடவேளையில் நான் நடத்தும் செயல்பாடு இது.

செயல்பாடு

கரும்பலகையில் ஒரு நிகழ்வை எழுதுவேன்: 'சாலை விபத்தில் கட்டடத் தொழிலாளி ஒருவரின் கால் நசுங்கியது.' ஒரு குழு மருத்துவரின் பணிகளையும் மற்றொரு குழு வழக்கறிஞரின் பணிகளையும் பட்டியலிட வேண்டும்.

மருத்துவர் குழு விரைவாக எழுதும். வழக்கறிஞர் குழு "கோர்ட்டில் வாதாடுவார்" என்பதோடு நின்றுவிடும். "ஆறு மாதம் அவர் வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி?" என்று கேட்பேன். முதல் தகவல் அறிக்கை, காப்பீடு, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எனப் பட்டியல் நீளும். மருத்துவர் தந்த காயச் சான்றிதழே வழக்கறிஞருக்கு ஆதாரம் என்று தெரியவரும்போது இரு பட்டியல்களும் இணையும்.

பிறகு ஒவ்வொருவரும் எழுத வேண்டியது: 'இவற்றில் எந்த வேலையை நாள்தோறும் செய்ய எனக்குப் பிடிக்கும்? ஏன்?' மதிப்பெண்ணைக் காரணமாகக் காட்டக் கூடாது.

உயிரியலில் முதல் மதிப்பெண் எடுக்கும் மாணவி ஒருத்தி இப்படி எழுதினாள்: 'கூலி பாக்கிக்காக அப்பா மூன்று முறை அலைந்தார். யாரும் பதில் சொல்லவில்லை. கேட்கத் தெரிந்த ஆளாக நான் ஆக வேண்டும்.' இரண்டாண்டு பாடம் நடத்தியும் எனக்குத் தெரியாத செய்தி அது.

மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியவை

• எம்.பி.பி.எஸ்.: நாலரை ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி. இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களும் நீட் தகுதியும் தேவை. நீட் தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.

• சட்டம்: எந்தப் பிரிவில் படித்தவரும் பிளஸ் டூ முடித்து ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாம், பட்டம் பெற்றபின் மூன்றாண்டுப் படிப்பிலும் சேரலாம். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணே அடிப்படை. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு கிளாட் தேர்வு உண்டு.

• 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020இலும் சட்டத்துக்கு 2021இலும் வந்தது.

எப்போது நடத்தலாம்?

மருத்துவத்துக்கான பாதை பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவு எடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. சட்டத்துக்கான கதவோ பட்டப்படிப்புக்குப் பிறகும் திறந்திருக்கிறது. எனவே பத்தாம் வகுப்பிலேயே இதை நடத்துவது நல்லது. பெற்றோர் கூட்டத்திலும் இந்தத் தகவல்களைச் சொல்லுங்கள். வீட்டில் முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.

தொடர்பணியாக, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஒருவரையும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் ஒருவரையும் பள்ளிக்கு அழைக்கலாம். அறிவுரை வேண்டாம், நேற்றைய நாளில் காலை முதல் இரவு வரை என்னென்ன செய்தார்கள் என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். மீதியை மாணவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.