உயர்த்திய பிக்கப் வண்டிகளில் ஷாப்டு அதிர்வு: காரணமும் பரிகாரமும்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், முந்திரி முதலிய விளைபொருள்களைக் களத்திலிருந்து சந்தைக்குக் கொண்டு செல்லும் வேலையை முன்னாட்களில் மாட்டு வண்டிகள் செய்துவந்தன. இக்காலத்தில் அவ்வேலையின் பெரும்பகுதி மஹிந்திரா பொலிரோ, டாட்டா யோதா போன்ற பிக்கப் வண்டிகளின் மீது விழுந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கரிசல் நிலத்துப் பாதைகள் குழைந்துவிடுவதால், அடிப்பாகம் இடிபடாதிருக்கும் பொருட்டும், பாரமேற்றும்போது பின்புறம் தாழாதிருக்கும் பொருட்டும், சிலர் பின் ஸ்பிரிங்கில் பட்டைகளைக் கூட்டியும், அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே இரும்புக் கட்டை வைத்தும் வண்டியை உயர்த்துகின்றனர்.

இவ்வாறு உயர்த்திய வண்டி நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் இருக்கைக்கு அடியில் ஓர் இரைச்சலும் நடுக்கமும் தோன்றுவதுண்டு. டயர்களைச் சமன் செய்தும், கிராஸ் எனப்படும் யூ ஜாயிண்டுகளை மாற்றியும் நடுக்கம் நீங்காமற்போவது வழக்கம். காரணம், பழுது பெரும்பாலும் உறுப்புகளில் இல்லை. அவை அமைந்துள்ள கோணத்தில் இருக்கிறது. கோணத்தை அளந்து பார்க்காமல் உறுப்புகளை மாற்றுவது வீண் செலவேயாகும்.

நடுக்கத்தின் காரணம்

கியர் பெட்டியிலிருந்து பின் அச்சிலுள்ள பினியனுக்குச் சுழற்சியைக் கொண்டு செல்வது புரொப்பெல்லர் ஷாப்டு. வண்டி ஏறியிறங்கும்போது ஷாப்டு சாய்வதற்கு இடந்தருவன அதன் இரு முனைகளிலுமுள்ள கிராஸ்கள். இவ்வகை இணைப்பு 16 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயராலும், 17 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆங்கிலேய அறிஞர் ராபர்ட் ஹூக்கின் பெயராலும் வழங்கப்படுகிறது.

இதற்கு ஓர் இயல்பு உண்டு. ஒரு புறம் சீராகச் சுழன்றாலும், இணைப்பு சாய்ந்திருந்தால் மறுபுறம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் சுழலும். சாய்வு 3 பாகையாயின் இவ்வேறுபாடு நூற்றுக்கு கால் பங்கினும் குறைவு. 10 பாகையாயின் ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு. 20 பாகையாயின் ஆறு பங்கு. முன் கிராஸில் பிறக்கும் இந்த ஏற்றத்தாழ்வைப் பின் கிராஸ் நேர்மாறாகச் செய்து அழித்துவிடும். ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, ஷாப்டின் இரு முனையிலுமுள்ள யோக் என்னும் கவைகள் ஒரே நேரில் இருத்தல் வேண்டும். இரண்டாவது, இரு கிராஸ்களின் சாய்வும் சமமாயிருத்தல் வேண்டும்.

வண்டியை உயர்த்தும்போது சாய்வு மிகுகிறது. நீண்ட ஷேக்கிள் வைத்து உயர்த்தினால் பினியனின் முகமும் மேல்நோக்கித் திரும்பி, சமநிலை கெடுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், 2.1 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் நிமிஷத்திற்குச் சுமார் 475 முறை சுழலும். பினியன் விகிதம் நான்காயின் ஷாப்டு 1,900 முறை சுழலும். அழியாது நிற்கும் ஏற்றத்தாழ்வு நிமிஷத்திற்கு 3,800 தட்டுகளாக வண்டியைத் தாக்கும். நாளடைவில் கிராஸ் தேய்ந்து, பினியன் எண்ணெய் ஸீல் கசிந்து, கடைசியில் ஓட்டத்திலேயே ஷாப்டு கழன்று விழுதலும் கூடும். பாரத்துடன் செல்லும் வண்டிக்கு இது உயிருக்கே அபாயமானது.

முதலில் பார்க்க வேண்டியவை

டயர் கோளாறாயின் ஆட்டம் மெதுவாகவும், பெரும்பாலும் ஸ்டியரிங்கிலும் தெரியும். ஷாப்டுக் கோளாறாயின் அதிர்வு விரைவாகவும் இருக்கையிலும் தளத்திலும் தெரியும். ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது மிகுந்து, விட்டதும் குறையும் அதிர்வும், காலி வண்டியில் மிகுந்து பாரத்துடன் அடங்கும் அதிர்வும் சாய்வுக் கோளாற்றைச் சுட்டுவன. பட்டை கூட்டிய வண்டி காலியாக வரும்போதே அதிகம் உயர்ந்து நிற்கிறது என்பதை நினைவிற்கொள்க.

அளவெடுக்குமுன் ஷாப்டைக் கழுவுக. ஒரு பக்கத்தில் ஒட்டிக் காய்ந்த கரிசல் மண்ணே எடைச் சமத்தைக் கெடுக்கப் போதுமானது. பின்னர், குழாயில் நசுங்கல் உண்டா, சமன் எடை உதிர்ந்துள்ளதா, கிராஸில் ஆட்டம் உண்டா, கவைகள் நேரில் உள்ளனவா என்று பார்க்க. ஷாப்டைக் கழற்றும்போது அடையாளக் கோடு இடாமற்போனால், மாட்டுகையில் பல் மாறிக் கவைகள் கோணிவிடும்.

கோணத்தை அளத்தல்

வண்டியைச் சமதரையில், சக்கரங்களின் மேல் அதன் பாரம் முழுதும் நிற்குமாறு நிறுத்துக. ஜாக்கியில் தூக்கி அச்சைத் தொங்கவிட்டு எடுக்கும் அளவு பயன்படாது. கோணம் காட்டும் ரசமட்டமாவது, கைபேசியிலுள்ள மட்டக்கருவியாவது போதும். கியர் பெட்டியின் கடைமுகம், ஷாப்டு, பினியன் முகம் ஆகிய மூன்றின் சாய்வையும் குறித்துக்கொள்க. காலியாக ஒரு முறையும், வழக்கமான பாரத்துடன் ஒரு முறையும் அளத்தல் நலம்.

உதாரணமாக, கியர் பெட்டி பின்னோக்கி 4 பாகையும், ஷாப்டு 9 பாகையும், பினியன் 2 பாகையும் சரிந்திருப்பதாகக் கொள்வோம். முன் கிராஸின் சாய்வு 9 கழித்தல் 4, அதாவது 5. பின் கிராஸின் சாய்வு 9 கழித்தல் 2, அதாவது 7. இரண்டிற்கும் வேறுபாடு 2 பாகை. இவ்வேறுபாடு ஒரு பாகைக்குள் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு சாய்வும் 3 பாகைக்குள் இருப்பது உத்தமம். எனினும் சாய்வே இல்லாதிருத்தலும் கூடாது. அரைப் பாகையேனும் இருந்தால்தான் கிராஸிலுள்ள ஊசி உருளைகள் உருண்டு, ஒரே இடத்தில் பள்ளம் விழாதிருக்கும்.

திருத்தும் முறை

மேற்கூறிய வண்டியில் பினியன் முகத்தை 2 பாகை உயர்த்தினால் இரண்டு சாய்வும் 5 ஆகும். இதற்கு அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே 2 பாகை எஃகு ஆப்பு வைக்கலாம். அச்சின்மேல் ஸ்பிரிங் அமைந்த வண்டியில் ஆப்பின் தடித்த முனை பின்புறம் இருத்தல் வேண்டும். இழுவையின்போது ஸ்பிரிங் முறுகிப் பினியன் முகம் தானே சிறிது மேலெழுமாதலால், நின்றநிலையில் ஒரு பாகை வரை தாழ்ந்திருப்பது குற்றமன்று. ஸ்பிரிங்கின் நடு போல்டுத் தலை ஆப்பினூடே அச்சுக் குழியில் பதிந்திருத்தல் அவசியம். யூ போல்டுகளைப் புதியனவாகத் தக்க நீளத்தில் இட்டு முடுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுமுறை முடுக்குக.

இரு துண்டு ஷாப்டுள்ள வண்டிகளில் நடு பேரிங்கின் தாங்கியைத் தகுந்த அளவு தாழ்த்த வேண்டியிருக்கும். ஷாப்டின் வழுக்குப் பல் போதிய ஆழம் பிணைந்துள்ளதா, பிரேக் குழாய் இழுபடுகிறதா என்பனவற்றையும் காண்க. பாரத்திற்கேற்பப் பின் பிரேக்கை அளவிடும் வால்வு உள்ள வண்டியில், உயர்த்திய பின்புறத்தை அவ்வால்வு காலி வண்டியென்று கொண்டு பிரேக்கைக் குறைத்துவிடும். ஆதலின் அதனையும் திருத்துதல் வேண்டும்.

ஆப்பினால் சமமாக்கியும் சாய்வு 5 பாகைக்கு மேற்பட்டு நிற்குமாயின், கூட்டிய கட்டையைக் குறைப்பதே தக்க வழி.

டிராக்டருக்கும் இதுவே விதி

ரோட்டவேட்டரையும் கதிரடிக்கும் யந்திரத்தையும் ஓட்டும் பி.டி.ஓ. ஷாப்டு நிமிஷத்திற்கு 540 முறை சுழல்வது. அதற்கும் கவைகள் நேரில் இருத்தலும், இரு சாய்வும் சமமாதலும் வேண்டும். வரப்பு முனையில் ரோட்டவேட்டரைத் தூக்கித் திருப்பும்போது சாய்வு மிகுதலின், பி.டி.ஓ.வை நிறுத்தியே தூக்குதல் வேண்டும். ஷாப்டின் மேலுறையை ஒருபோதும் கழற்றலாகாது.

சட்டம்

பட்டை கூட்டுவதனால் வண்டியின் அனுமதித்த பாரம் கூடுவதில்லை. அச்சும் பிரேக்கும் டயரும் பழையனவே. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அதிக பாரத்திற்கு 2019 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதித்துள்ளது. கிராம அதிகாரிகள் இதனை அறுவடைக் காலத்திற்கு முன்பே குடியானவர்களுக்கு எடுத்துரைப்பது நலம்.

வண்டியை உயர்த்துமுன் மூன்று கோணங்களையும் அளந்து ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளும் விவசாயி, பின்னர் நடுக்கம் தோன்றினால் எது மாறியது என்பதை உடனே அறிவார். அரைமணி நேர வேலையான அவ்வளவு, கிராஸும் ஸீலும் மீண்டும் மீண்டும் வாங்கும் செலவை மிச்சப்படுத்தும்.