மீட்டர் கண் சிமிட்டுது, கவனிச்சீங்களா?

கரண்ட் பில் வந்ததும் எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான்: "இவ்வளவு கரண்ட் எதுக்குச் செலவாச்சு?" இதற்குப் பதில் மீட்டரிலேயே இருக்கிறது.

புது மாதிரி மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும். எங்கள் வீட்டு மீட்டரில் 3200 என்று போட்டிருக்கிறது. அதாவது, அந்த விளக்கு 3200 தடவை சிமிட்டினால் 1 யூனிட்.

1 யூனிட் என்பது 1000 வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடுவது. ஒரு மணிக்கு 3600 வினாடி. 1000 × 3600 = 36,00,000. இதை 3200-ஆல் வகுத்தால் 1125. இனி சூத்திரம் ரொம்ப சுலபம்:

வாட் = 1125 ÷ (ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததுக்கும் இடையே உள்ள வினாடி)

75 வாட் ஃபேன் மட்டும் ஓடினால் 15 வினாடிக்கு ஒரு சிமிட்டல். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் போட்டால் ஒரு வினாடிக்குச் சற்று மேலே! உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால், 36,00,000-ஐ அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி பகலாக உட்கார்ந்து எண்ண முடியுமா? அதற்குத்தான் ராஸ்பெர்ரி பை. ஒரே அட்டையில் முழு கம்ப்யூட்டர்! இங்கிலாந்தில் பிள்ளைகள் புரோகிராம் கற்க வேண்டும் என்று செய்தார்கள். 2012 பிப்ரவரி 29-ல் விற்பனைக்கு வந்தது. அளவு ஏ.டி.எம். கார்டு மாதிரி. மீட்டர் விளக்குக்கு நேரே வெளிச்சம் உணரும் சென்சாரை வெளியில் ஒட்டி, வயரை இதில் சேர்க்கணும். "வெளிச்சம் உண்டு, இல்லை" என்று இரண்டே பதில் சொல்லும் சென்சார் போதும். பைத்தான் மொழியில் எழுதிய புரோகிராம் ஒவ்வொரு சிமிட்டலின் நேரத்தையும் குறித்து வைக்கும். எந்த மணிக்கு எவ்வளவு செலவு என்று கோடு வரைந்தும் காட்டும். ஃபிரிட்ஜ் தானே ஓடித் தானே நிற்கும். அதன் கணக்கு ஒரு நாள் முழுக்கப் பார்த்தால்தான் தெரியும். அங்கேதான் இந்தக் கம்ப்யூட்டர் உதவி. ஆனால் அதுவும் சில வாட் எடுக்கும், மறந்துடாதீங்க.

நம்மிடம் அது இல்லையே என்று கவலை வேண்டாம். கடிகாரம் போதும். எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு நான் எண்ணிப் பார்த்தேன். அப்பவும் 150 வினாடிக்கு ஒரு சிமிட்டல் வந்தது! 1125 ÷ 150 = 7.5 வாட். ஒவ்வொன்றாகத் தேடினால், ரிமோட்டில் மட்டும் அணைத்த டி.வி.யும் செட்டாப் பாக்ஸும்தான். ஒரு நாளுக்கு 180 வாட்-மணி. இப்படியே விட்டால் 60 நாளில் 10.8 யூனிட், யாரும் பார்க்காத டி.வி.க்கு! இப்போது பிளக் சுவிட்சையே அணைக்கிறோம்.

எச்சரிக்கை: மீட்டரைத் திறக்கவோ, வயரைத் தொடவோ கூடாது. தள்ளி நின்று கண்ணால் பார்த்தால் போதும். ஈரக் கையோடு பக்கத்தில் போகாதீங்க.

செய்து பாருங்கள்: இன்று சாயங்காலம் உங்கள் வீட்டு மீட்டரை எண்ணி, எத்தனை வாட் என்று இந்தத் தாளுக்குக் கீழே பென்சிலால் எழுதுங்கள். யார் வீட்டில் "சும்மா" போகும் கரண்ட் அதிகம் என்று பார்க்கலாம்.

எண்ணிப் பார்ப்போம்! மிச்சம் பிடிப்போம்!

- 9-ஆம் வகுப்பு மாணவி