அட்டையில் ஒருவர், ஏட்டில் ஒருவர்

பண்டைய நூல் ஒன்று கைக்கு வருங்கால் நாம் முதலில் புரட்டுவது அதன் ஓவியங்களையே. மன்னர் வரலாறாக இருப்பின் கேட்கவே வேண்டா. போரும் வேட்டையும் திருமுடி சூட்டும் காட்சியும் கண்ணைக் கவர்ந்துவிடும். ஆயினும் அத்தகைய நூலில் அட்டை, முன்தாள், பக்கங்களின் கீழ் ஓரம் ஆகியனவும் ஏட்டைப் போலவே படிக்கத்தக்கவை. அவற்றைப் படியாதவர் அந்நூலைப் பாதியே படித்தவராவர் என்பது நம் கருத்து.

இலண்டனிலுள்ள விக்டோரியா–ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் ‘அக்பர் நாமா’ படியை இங்கு எடுத்துக்கொள்வோம். பேரரசர் அக்பர் தம் ஆட்சி வரலாற்றை எழுதுமாறு 1589இல் அபுல் ஃபஸ்லைப் பணித்தார். பாரசீக மொழியில் உருவான அப்பெருநூலில் 1560 முதல் 1577 வரையிலான நிகழ்ச்சிகளைக் கூறும் பகுதி இப்படியில் அமைந்துள்ளது. இதில் 116 ஓவியங்கள் உள்ளன. அவை ஏறத்தாழ 1590–95 ஆண்டுகளில் அரசவை ஓவியக்கூடத்தில் தீட்டப்பெற்றவை.

அவ்வோவியங்களின் கீழ் ஓரத்தில் செந்நிற மையில் சிறிய குறிப்புகள் காணப்படுகின்றன. உருவரை வகுத்தவர் ஒருவர். வண்ணம் தீட்டியவர் மற்றொருவர். சிற்சில இடங்களில் முகங்களை மட்டும் எழுதியவர் மூன்றாமவர். இம்மூவகைப் பணியும் பெயரோடு பதிவாகியுள்ளது. இளம் அக்பர் மதங்கொண்ட ‘ஹவாய்’ என்னும் யானைமீது அமர்ந்து, ஆக்ராவில் யமுனைமேல் அமைந்த படகுப் பாலத்தில் மற்றொரு யானையைத் துரத்திச் செல்லும் புகழ்பெற்ற காட்சியை நோக்குக. அதன் உருவரை பசாவனுடையது, வண்ணம் சேதருடையது. மிஸ்கின், லால், துளசி, கேசு, ஃபரூக் பேக் என இந்து ஓவியரும் முஸ்லிம் ஓவியரும் அப்பக்கங்களில் அடுத்தடுத்து நிற்கின்றனர். மன்னர் வரலாற்று நூலில் தொழிலாளியின் பெயர் இவ்வாறு நிலைபெற்றது அரிய செய்தி. அதுவும் எங்கே? புத்தகக் கட்டுநர் கத்தி வைத்து ஓரம் நறுக்கும் இடத்திற்கு வெகு அருகில்! ஓரத்தை ஒழுங்காக்குகிறோம் என்று அரை விரற்கடை கூடுதலாக வெட்டியிருந்தால் பசாவனை நாம் அறிந்திருக்க மாட்டோம்.

இனி உடைமையாளர். முகலாயர் தம் உரிமையை நூலின் உள்ளேயே பதித்தனர். முன்தாளில் முத்திரையிடுவதும் குறிப்பெழுதுவதும் அவர்தம் வழக்கம். ஐரோப்பியப் பெருமக்களோ அதனை வெளியே, அட்டைமேல் பதித்தனர். கன்றின் தோலாலோ ஆட்டுத் தோலாலோ கட்டிய நூலின் இரு அட்டை நடுவிலும், பித்தளை அச்சைச் சூடாக்கிப் பொற்றகட்டின்மேல் அழுத்திக் குலச்சின்னத்தைப் பொறிப்பர். உள்ளே கிடப்பது ஒரு மன்னரின் வரலாறு; வெளியே மின்னுவது அதனை விலைக்கு வாங்கியவரின் கேடயம்! இதனை வெறும் செருக்கென்று தள்ளிவிடலாமா என்றால், கூடாது என்பதற்குச் சான்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜாக் ஓகுஸ்த் து தூ (1553–1617) அவர்களின் நூலகம்.

மன்னரின் நூலகத்திற்கும் தலைவராக விளங்கிய இவர் தம் சொந்த நூல்கள்மேல் தம் சின்னத்தைப் பொறித்தார். மணமாகாத காலத்து நூல்களில் ஒற்றைக் கேடயம் மட்டும் உண்டு. 1587இல் மணந்தபின் மனைவியின் குலக்கேடயமும் அருகே வந்து சேர்ந்தது. முதுகுப் பட்டையில் இருவர் பெயரெழுத்துகளும் பின்னிப் பிணைந்தன. அவ்வம்மையார் 1601இல் மறைந்தார். மறுமணத்திற்குப் பின் இரண்டாம் மனைவியின் கேடயமும் எழுத்தும் அவ்விடத்தைப் பெற்றன. ஆகவே, உள்ளே ஒரு வரியும் படிக்காமல், அந்நூல் அவர் வாழ்வின் எந்தப் பருவத்தில் கட்டப்பட்டதென்று ஆய்வாளர் கூறிவிடுகின்றனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நூலகம் விற்பனையில் சிதறிப் பல நாடுகளுக்குப் போயிற்று. சிதறிய நூல்களை இன்றும் இனங்காட்டுவன அவ்வட்டைகளே.

நம் நூலகங்களிலோ, நைந்த நூல் ஒன்றைக் கட்டக் கொடுத்தால், அது புதிய காலிக்கோ அட்டையோடு மினுமினுப்பாகத் திரும்பி வருகிறது; பழைய அட்டையும், நன்கொடையளித்தவர் கையொப்பமிட்ட முதல் தாளும் திரும்புவதில்லை. அது குறித்து நாமும் கேட்பதில்லை.

‘அக்பர் நாமா’ படியும் கட்டுக்குலைவுக்குத் தப்பவில்லை. 1858 முதல் 1862 வரை அவத் பகுதியில் ஆணையராக இருந்த ஜான் கிளார்க் என்னும் படைத்துறை அதிகாரியிடம் அது இருந்தது. அவருடைய மனைவியாரிடமிருந்து 1896இல் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் அதனை விலைக்கு வாங்கிற்று; அந்நிறுவனமே 1899இல் இன்றைய பெயரைப் பெற்றது. அங்கே ஓவியங்கள் கட்டிலிருந்து பிரிக்கப்பட்டுக் காட்சிக்கெனச் சட்டமிடப்பட்டன. ஆயிரவர் காண வழி பிறந்தது உண்மையே. ஆனால், ஓவியத்தை அடுத்து எந்த ஏடு வந்தது, எந்த வரியைப் பிறர் படிக்கக் கேட்டுவிட்டு அக்பர் இந்தப் படத்தைக் கண்டிருப்பார் என்பதை உணர, பிரித்ததை மீண்டும் மனத்தில் கோக்க வேண்டியுள்ளது.

உடைமை வரிசையில் நம்மைத் திகைக்கச் செய்வது ஒன்றுண்டு. நூலாசிரியர் அபுல் ஃபஸ்ல் 1602இல் தக்காணத்திலிருந்து திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். கொன்றவர் பந்தேலாத் தலைவர் பீர் சிங். தூண்டியவர் இளவரசர் சலீம். தாம் தூண்டியதைச் சலீமே பின்னர்த் தம் தன்வரலாற்றில் ஒளிவின்றி எழுதியுள்ளார். 1605இல் அவரே ஜஹாங்கீர் என்னும் பெயரோடு அரியணை ஏறினார். தந்தையின் நூலகமும், அதனுள் இருந்த இந்த ‘அக்பர் நாமா’வும் அவருடைமையாயின. அவருக்குப் பின் அது ஷாஜஹானிடம் சென்றது.