காருக்கு ஹெடர் வாங்குமுன்

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் ஓர் இளைஞர் என்னைப் பிடித்துக்கொண்டார். "மாமா, நீங்க ரயில்வேல எஞ்சின் பார்த்தவராச்சே. என் பழைய காருக்கு ஹெடர் போடலாம்னு இருக்கேன். எது நல்லது, சொல்லுங்க" என்றார். நின்ற இடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் அல்ல அது. நானே ஒரு முறை தவறான ஹெடரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்து, அதன் பலனைக் கண்ணால் கண்டவன். எனவே ஆசிரியரிடம் கொஞ்சம் இடம் கேட்டு வாங்கி இதை எழுதுகிறேன்.

ஹெடர் என்றால் என்னவென்று அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வெளிவரும் புகையை ஒன்றுசேர்த்து சைலன்சருக்கு அனுப்பும் உறுப்புக்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு என்று பெயர். கம்பெனியிலிருந்து வரும் பழைய வண்டிகளில் இது பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதை எடுத்துவிட்டு, சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித்தனி எஃகுக் குழாய்களை வளைத்து, முடிவில் ஒன்றாகச் சேர்த்துப் பற்றவைத்த ஒன்றைப் பொருத்தினால் அதுதான் ஹெடர்.

இதன் தத்துவம் எனக்குப் புதிதல்ல. 1982-இல் இட்டார்சியில் நான் வேலையில் சேர்ந்தபோது நீராவி எஞ்சின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் வேலை முடித்த நீராவியைப் புகைபோக்கி வழியே பீறிட வைப்பார்கள். அந்த வேகமே அடுப்பிலிருந்து புகையை இழுத்து, நெருப்புக்குப் புதுக் காற்றைக் கொண்டுவரும். காரிலும் கதை அதேதான். ஒரு சிலிண்டரிலிருந்து வேகமாகப் போகும் புகை தனக்குப் பின்னால் ஒரு வெற்றிடத்தை விட்டுச் செல்கிறது. அந்த இழுப்பு சரியான நேரத்தில் கிடைத்தால், சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையும் வெளியேறிப் புதுக் கலவைக்கு இடம் கிடைக்கும்.

"சரியான நேரத்தில்" என்பதில்தான் சிக்கல். சூடான புகையில் அழுத்த அலை வினாடிக்கு ஏறக்குறைய 550 முதல் 600 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நிமிடத்துக்கு 6000 சுற்றில் அந்த அலை குழாயின் முடிவுக்குப் போய்த் திரும்பிவந்து உதவ வேண்டுமானால், ஒவ்வொரு குழாயும் சுமார் முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் நீளம் இருக்க வேண்டும். நாம் ஊருக்குள் ஓட்டுவது 2000, 3000 சுற்றில். அதற்குக் கணக்குப் போட்டால் நீளம் இரண்டு மூன்று மடங்காகும். அதை வைக்கச் சின்னக் காரின் பானெட்டுக்கு அடியில் இடம் ஏது? ஆகவே "இருபது சதவீதம் பவர் கூடும்" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். ஒரு லிட்டர் எஞ்சினில் வேறு எதையும் மாற்றாமல் இரண்டு மூன்று குதிரைத்திறன் கூடினாலே பெரிது.

இனி என் தவறு. என் தம்பி மகன் 2004-ஆம் ஆண்டு மாருதி ஜென் ஒன்று வைத்திருக்கிறான். 993 சி.சி., நான்கு சிலிண்டர். 2021-இல் அதன் மேனிஃபோல்டில் விரிசல் விட்டது. புதிதாக வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு கிடைக்கத் தாமதமானது. "பெரியப்பா, ஹெடரே போட்டுடலாமா?" என்றான். இருவரும் புனேயில் ஒரு கடைக்குப் போனோம். பளபளவென்று ஒரு ஹெடரைக் காட்டினார்கள். பற்றவைப்பு அழகாக இருந்தது; நானும் தலையாட்டினேன். முப்பத்தெட்டு வருடம் எஞ்சினோடு வாழ்ந்தவன், பையிலிருந்த ஃபீலர் கேஜை வெளியே எடுக்கக்கூட இல்லை.

அந்த டிசம்பரில் எல்லோரும் மகாபலேஷ்வர் கிளம்பினோம். குளிருக்குக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். வாயி தாண்டி பசர்ணி மலைப்பாதை ஏறும்போது அவனுடைய ஐந்து வயது மகள், "தாத்தா, தலை வலிக்குது" என்றாள். பிறகு வாந்தி எடுத்தாள். மலைப்பாதை என்றால் சில குழந்தைகளுக்கு அப்படித்தான் என்று அவள் அம்மா எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தாள். பஞ்சகனி போய்ச் சேர்ந்தபோது எனக்கும் நெற்றிப்பொட்டில் வலி. குழந்தை எழுப்பினாலும் எழாமல் தூங்கி வழிந்தாள். காற்றில் அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகே தெளிந்தாள். மறுநாள் காலை வண்டியை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சன்னமாக ஓர் ஓசை. எஞ்சின் சூடேறச் சூடேற அது குறைந்தது. அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மேனிஃபோல்டு கசிவின் குரல் அது. டீசல் ஷெட்டில் பல நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக அது ஒட்டிக்கொள்ளும். கசிந்த புகை முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துளை வழியாக வண்டிக்குள் வந்திருக்கிறது. திரும்பும்போது குளிரைப் பார்க்காமல் நான்கு கண்ணாடிகளையும் இறக்கி வைத்து ஓட்டிவந்தோம்.

புனே வந்து கழற்றிப் பார்த்தால், ஹெடரின் ஃபிளாஞ்ச், அதாவது எஞ்சினோடு போல்ட் போடும் தட்டை, ஐந்து மி.மீ. கூட இல்லை. சூட்டில் வில்லாக வளைந்திருந்தது. கண்ணாடிப் பலகைமேல் வைத்தால் ஓரத்தில் அரை மி.மீ. பிளேடு தாராளமாக நுழைந்தது. கேஸ்கெட் கருகியிருந்தது.

ஆகவே வாங்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது ஃபிளாஞ்சைத்தான். எட்டிலிருந்து பத்து மி.மீ. கனம் வேண்டும். கடையிலேயே ஒரு தட்டையான கண்ணாடி மேல் வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.15 மி.மீ. பிளேடு நுழைந்தால், முகத்தைச் சமமாகத் தீட்டித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை. ஃபிளாஞ்சின் துளைக்குள் விரலை விட்டுத் தடவினால் பற்றவைப்பு உள்ளே பிதுங்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது குழாயின் விட்டம். பெரிய குழாய் என்றால் அதிக பவர் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். 30 மி.மீ. உள்விட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 7 ச.செ.மீ.; 38 மி.மீ. என்றால் 11-க்கு மேல். அதே புகை அகலமான வழியில் போனால் வேகம் குறையும், இழுப்பும் குறையும், சிக்னலில் வண்டி மந்தமாக நகரும். எஞ்சினின் புகைத் துளை எவ்வளவோ அவ்வளவு, அல்லது இரண்டு மூன்று மி.மீ. கூடுதல் போதும். துளையைவிடச் சின்னதாக மட்டும் இருக்கக்கூடாது.

நான்கு குழாய்களும் ஒரே இடத்தில் கூடும் வகை உச்ச வேகத்துக்கு. இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றாகும் வகை நடுத்தர வேகத்துக்கு நல்லது. நமக்கு அதுவே பொருந்தும். எரியும் வரிசை 1-3-4-2 என்பதால் ஒன்றும் நான்கும் ஒரு ஜோடி, இரண்டும் மூன்றும் ஒரு ஜோடி. இப்படிச் சேர்த்திருக்கிறார்களா என்று குழாயைத் தடம் பிடித்துப் பாருங்கள். மாருதி 800, ஆல்ட்டோ 800 போன்ற மூன்று சிலிண்டர் வண்டிகளில் இந்தக் குழப்பமே இல்லை. மூன்றும் ஒன்றாகச் சேரும், அவ்வளவுதான்.

உலோகத்துக்கு ஒரு காந்தம் போதும். 304 ரகத் துருப்பிடிக்காத எஃகில் காந்தம் ஒட்டாது. துருவும் பிடிக்காது, ஆனால் சூட்டில் அதிகம் நீளும். அரை மீட்டர் குழாய் 600 டிகிரி ஏறினால் ஐந்து மி.மீ. நீளும். 409 ரகத்தில் காந்தம் ஒட்டும், மேலே லேசாகப் பழுப்பேறும், நீட்சி குறைவு. எதுவானாலும் சைலன்சருக்குப் போகும் வழியில் வளைந்துகொடுக்கும் பெல்லோஸ் இருக்க வேண்டும். எங்கள் டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சினின் புகைக் குழாய்களிலும் பெல்லோஸ் உண்டு. அது இல்லையென்றால் நீட்சி முழுவதும் ஃபிளாஞ்சையும் ஸ்டட்டையும் பிடித்து இழுக்கும்.

ஆக்சிஜன் சென்சாருக்கான மரை கம்பெனி வைத்த இடத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும். சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால், புகை வெளியே வருவதோடு, இரண்டு துடிப்புகளுக்கு நடுவே வெளிக்காற்றும் உள்ளே இழுக்கப்படும். பெட்ரோல் போதவில்லை என்று எண்ணி எஞ்சின் கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் விழும்.

கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். புதிய கார்கள் பலவற்றில் மேனிஃபோல்டும் கன்வர்ட்டரும் ஒரே உடம்பு. அவற்றுக்கு ஹெடர் என்றாலே கன்வர்ட்டர் போய்விடும், வேண்டவே வேண்டாம். புகைப் பரிசோதனையில் தேறாது என்பது ஒரு பக்கம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின்படி, ஒலி, காற்று மாசு விதிகளை மீறினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் சிறையும் உண்டு. லைசென்ஸும் மூன்று மாதம் போகும்.

ஜென்னுக்கு இரண்டாவதாக வாங்கியது பத்து மி.மீ. ஃபிளாஞ்ச் உள்ள ஹெடர். நட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி முறுக்கி, வண்டியை ஓட்டி, ஆறவைத்து மறுபடி முறுக்கினோம். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனே இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம், வரவில்லை. மைலேஜ் பழையபடிதான். மேட்டில் கொஞ்சம் நன்றாக இழுப்பதாகத் தம்பி மகன் சொல்கிறான். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கேள்வி கேட்ட இளைஞரும் மற்றவர்களும் பணம் கொடுப்பதற்கு முன் ஹெடரைக் கொண்டுவந்து காட்டலாம். ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளின் தமிழ் வகுப்பு முடியும்வரை சங்கத்து வாசலில்தான் இருப்பேன். ஃபீலர் கேஜும் காந்தமும் பையில் இருக்கும். கண்ணாடிப் பலகை மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.